நாடாளுமன்றத்தின் அதிகாரம் எதுவரை? – கேள்வி பதில்

கேள்வி: மாநிலங்கள் சட்டம் இயற்ற ஒதுக்கப்பட்ட மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றவே முடியாதா, ஐயா?

பதில்: பொதுவாக முடியாது, ஆனால் விதிவிலக்குகளை அரசமைப்புச் சட்டமே வகுத்திருக்கிறது. தேச நலன் கருதி, மாநிலங்களவையில் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவுடன் தீர்மானம் நிறைவேறினால் 249ஆவது பிரிவின்படி இயற்றலாம். நெருக்கடி நிலையின்போதும் இயற்றலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் தாமே கேட்டுக்கொண்டாலும் இயற்றலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு வந்ததே. பன்னாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்ற இடமளிக்கும் 253ஆவது பிரிவுக்கோ மாநிலங்களின் இசைவே தேவையில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திடுவது ஒன்றிய அரசு என்பதால், இந்த விதிவிலக்கையே நான் மிகவும் கவனத்துக்குரியதாகக் கருதுகிறேன்.

கேள்வி: ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் மாநிலச் சட்டமும் ஒன்றியச் சட்டமும் முரண்பட்டால் எது நிற்கும்?

பதில்: முரண்படும் அளவுக்கு ஒன்றியச் சட்டமே நிற்கும். எனினும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் மேலோங்கும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த ஜல்லிக்கட்டுத் திருத்தம் இந்த வழியில் வந்தது. உச்ச நீதிமன்றமும் 2023இல் அது செல்லும் என்றது. ஆயினும் நாடாளுமன்றம் பின்னர் வேறு சட்டம் இயற்றி அத்தகைய மாநிலச் சட்டத்தை நீக்கவும் 254ஆவது பிரிவு இடம் தருகிறது.

கேள்வி: சட்டமன்றம் எதிர்த்தாலும் ஒரு மாநிலத்தைப் பிரிக்க முடியுமா?

பதில்: முடியும். 3ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் பரிந்துரையுடன் மசோதா கொண்டுவரப்பட வேண்டும்; அவர் அதைச் சட்டமன்றத்தின் கருத்தறிய அனுப்புவார். கருத்தைக் கேட்பது கட்டாயமே தவிர, ஏற்பது கட்டாயமல்ல. ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் மசோதாவை நிராகரித்தும், பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூன் 2 அன்று தெலங்கானா உருவானது. இதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்றானதும் இதே பிரிவின்கீழ்த்தான். சட்டமன்றம் 1967இல் தீர்மானித்த பெயர், நாடாளுமன்றச் சட்டத்துக்குப் பின் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

இதனுடன் 169ஆவது பிரிவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் மேலவையைக் கலைக்க வேண்டுமானால், அம்மாநிலச் சட்டமன்றம் சிறப்புப் பெரும்பான்மையுடன் (மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு) முதலில் தீர்மானம் நிறைவேற்றியாக வேண்டும். தமிழ்நாட்டு மேலவை 1986இல் அவ்வாறே நீங்கியது. மேலவையைத் தொட மாநிலத்தின் விருப்பம் வேண்டும், மாநிலத்தையே இரண்டாக்க அது தேவையில்லை என்பது எனக்கு இன்றும் பொருத்தமாகப் படவில்லை.

கேள்வி: அரசமைப்புச் சட்டத்தையே நாடாளுமன்றம் விருப்பம்போல் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் விருப்பம்போல் அல்ல. அதன் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதற்கு உயிர்நாடியான கூறுகளை, சிதைக்கக் கூடாது எனக் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1973இல் 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதிகாரப் பட்டியல்களைத் திருத்தப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி: திருத்த மசோதாவில் அவைகள் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் உண்டா?

பதில்: இல்லை. ஒவ்வோர் அவையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளில் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியவை சாதாரண மசோதாக்களே.