எடுத்து வச்ச வரிகளை என்ன செய்யறது?

கேள்வி: அக்கா, நான் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை பாக்குறேன். காலண்டர் தாள், பஸ்ல எழுதியிருக்கறது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு மனசுக்குப் பிடிச்ச வரி எங்க பார்த்தாலும் நோட்டுல எழுதி வச்சுருவேன், மூணு நோட்டு நிறைஞ்சிருச்சு. ஆனா டைரி எழுதலாம்னு உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. இந்த வரிகளை வச்சு எழுத ஆரம்பிக்க முடியுமா? - வாசகி, கோத்தகிரி

பதில்: மூணு நோட்டு நிறைய வார்த்தையைத் தேடித் தேடி எழுதுனவளுக்கு எழுத வராதுன்னு சொன்னா நான் நம்பவே மாட்டேன்மா. நீ வரியை எழுதி வச்ச, அன்னிக்கு அது ஏன் உன்னைப் பிடிச்சு நிறுத்துச்சுன்னு எழுதல, அவ்ளோதான். 'அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்'ங்கறது ஊர்ல பாதி வீட்டுக் காலண்டர்ல தொங்குது, ஆனா உன் வீட்டுல எந்த அம்மி நகராம கிடக்குன்னு உனக்குத்தான் தெரியும், அதை எழுது.

புது நோட்டு ஒண்ணு எடுத்து இடது பக்கம் ஒரே ஒரு வரி, தேதி, எங்க பார்த்தேன், யார் சொன்னாங்க. வலது பக்கத்தைக் காலியா விட்டுரு. ராத்திரி சாப்பாடெல்லாம் முடிஞ்சப்புறம் அந்த வரியை வாய்விட்டு ஒரு தடவை படிச்சுட்டு, அன்னிக்கு நடந்ததுல எது அதோட ஒட்டுச்சுன்னு நாலஞ்சு வரி போடு. ஒட்டலையா, 'இன்னிக்கு இது பொய்னு தோணுச்சு'ன்னு எழுது, வரியோட சண்டை போடலாம், தப்பே இல்ல. சில நாள் ஒண்ணும் வராது, அப்படியே விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு திரும்பி வா.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். உன்னைச் சுத்தி இருக்கறவங்க பேசறதையும் எடுத்து வை. எங்க குடும்பம், தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பறதைப் பத்தி இந்தியாவும் இலங்கையும் 1964-ல போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலருந்து வந்தது, அம்மா கூடலூர் பக்கம் கொழுந்து பறிச்சாங்க, லயம் (தோட்டத்து வரிசை வீடு), பெரட்டு (காலையில ஆள் கணக்கு எடுக்கறது), கவாத்து (தேயிலைச் செடியை வெட்டி விடறது)ன்னு அவங்க பேச்சே தனி. நான் பிளஸ் டூ ஃபெயிலாகி அழுதுட்டு இருந்தப்ப 'கவாத்து வெட்டுன செடியைப் பார்த்து யாராச்சும் அழுவாங்களாடி'ன்னு கேட்டாங்க. நீ அந்த வேலைக்குப் பக்கத்துலயே இருக்கறவ, நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுனதும் தோட்டமே வெறுங்குச்சியா நிக்கும், அப்புறம் சில மாசத்துல துளிர்க்கும்னு உனக்குத் தெரியும். அம்மா கேட்டதை அன்னிக்கே தேதி போட்டு எழுதி, கீழ அன்னிக்கு எனக்கு இருந்த கோவத்தையும் சேர்த்து எழுதுனேன். அதுக்கு முன்னாடி நான் சேர்த்த நோட்டுல இருநூறு பொன்மொழி இருக்கு, எதை எந்த நாள்ல எழுதுனேன்னு இப்ப ஒண்ணுகூட ஞாபகம் வரல.

நடை நல்லா இருக்கணுமேன்னு பயப்படாத. புதுச்சேரியில பிரெஞ்சு கவர்னர் டூப்ளேகிட்ட துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லருந்து 1761 வரைக்கும் எழுதி வச்ச நாட்குறிப்பு, எந்தக் கப்பல் வந்துச்சு, யார் என்ன சொன்னாங்கன்னு அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ் கலந்துதான் போகும், இன்னிக்கும் படிக்கிறாங்க. நீ ஆபீஸ்ல பேசற மாதிரியே எழுது.

கேள்வி: மழைக்காலத்துல டைரி நமுத்துப் போயி எழுத்தெல்லாம் பரவிடுது, பூஞ்சை வேற. என்ன பண்றது? - வாசகர், தேவாலா

பதில்: உங்க ஊர் மழைக்கு ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் வேண்டாம், பால்பாயிண்ட்ல எழுதுங்க, அது தண்ணிக்கு சீக்கிரம் பரவாது. நோட்டை சுவத்தை ஒட்டி வைக்காம மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு, ஷூ பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலம் ரெண்டு உள்ள போட்டுருங்க. வெயில் எட்டிப் பார்க்கற அன்னிக்கு வெளிய எடுத்து விரிச்சு வைங்க, பக்கத்தைப் புரட்டறப்ப வலது பக்கம் எங்கயாச்சும் காலியா கிடந்தா அங்கயே உக்காந்து எழுதிடுங்க.