1978 டாட்ஜ் லில் ரெட் எக்ஸ்பிரஸ்: ஒரு பழைய பிக்கப்புக்கு ஏன் இத்தனை மவுசு?

எல்லாம் ஒரு சட்ட ஓட்டையால் வந்தது. 1970களில் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் மசில் கார்களின் (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்) வேகம் படுத்துவிட்டது. ஆனால் எடை கூடிய பிக்கப்புகளுக்கு விதியில் தளர்வு. புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அப்போது அவற்றுக்குக் கட்டாயமில்லை. டாட்ஜ் சும்மா இருக்குமா? 5.9 லிட்டர் வி8 எஞ்சினை, 225 குதிரைத்திறனோடு லில் ரெட் எக்ஸ்பிரஸில் இறக்கியது. அன்றைய பத்திரிகைச் சோதனை ஒன்றில் மணிக்கு 100 மைல் வேகத்தை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பே எட்டியது, அதுவும் ஒரு சரக்கு வண்டி!

அப்புறம் தோற்றம். கேபினுக்குப் பின்னால் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் குரோம் புகைக்குழாய்கள், சிவப்புப் பெயின்ட், பின்தொட்டியில் ஓக் பலகைகள், கதவில் பொன்னிற எழுத்து. கொஞ்சம் ஓவர்தான், எனக்குப் பிடித்ததே அதுதான்.

1979 மாடலில் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. வாங்குவதென்றால் 1978ஐத் தேடுங்கள்.