குளத்துக்குள் இறங்க முதல், வாய்க்காலில் இறங்குங்கள்

யாழ்ப்பாணம் உடுவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு குளம் இருக்கிறது. பதினாறு பரப்பு வரும். போன வருடம் சனசமூக நிலையப் பிள்ளைகளும் அயலவர்களும் சேர்ந்து இரண்டு ஞாயிறு சிரமதானம் செய்தோம். இருபத்தைந்து பேர் வந்தார்கள். மாரி முடிய முதலே பழையபடி குப்பையும் ஆகாயத்தாமரையும். வந்தவர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. இப்போது கனடாவில் இருக்கும் பெரியப்பா காசு அனுப்புகிறேன், நகரத்து ஆரியகுளம் மாதிரிச் சுற்றிக் கட்டி, நடைபாதை போட்டு, லைட்டும் போடுங்கள் என்கிறார். செய்யலாமா? அயலவர்களைத் தொடர்ந்து வரவைக்க என்ன வழி?"

பெரியப்பாவின் காசுக்கு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம்.

பதினாறு பரப்பு என்றால் ஒரு ஏக்கர். அதில் நாலடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 49 இலட்சம் லீற்றர். கோடையில் ஒழுங்கைக்கு வருகிற 5000 லீற்றர் பவுசரில் கொண்டுவருவதானால் ஆயிரம் தடவை வரவேண்டும். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கொஞ்சம் வெயிலில் ஆவியாகும். மிச்சம் நிலத்துக்குள் இறங்கி உங்கள் கிணற்றுக்கும் அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போகிறது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக இறங்கி அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஆறு. ஆண்டு மழை சராசரி 1250 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், வெடிப்பும் குகையும் நிறைந்த கல். அதற்குள் இறங்கிய நன்னீர், கடலிலிருந்து உள்ளே வந்திருக்கும் உவர்நீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைவு. அதனால் நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயர்ந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உவர் தள்ளிப்போகும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறும் என்றும் இதையே வாசிக்கலாம். எங்கள் முன்னோர் குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களை வைத்திருந்தது தாமரை பார்க்க அல்ல.

இப்போது உங்கள் சிரமதானம் ஏன் நிலைக்கவில்லை என்று பார்ப்போம். குளத்தைத்தான் துப்புரவாக்கினீர்கள், குளத்துக்கு வரும் வழியை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஊர்களில் இதுதான் நடக்கிறது. ஒரு அங்குல மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர் கிடைக்கும். குளத்துக்கு நேரே மேலே விழும் மழையை மட்டும் நம்பினால் ஆவியாவதும் இறங்குவதும் போக நாலடி ஒருநாளும் நிற்காது. சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் வளவுகளிலும் விழுகிற மழை வெள்ளவாய்க்காலால் வந்து சேர்ந்தால்தான் குளம் குளமாகும். அந்த வாய்க்கால் என்ன கதியில் இருக்கிறது? ஒரு வளவுக்காரர் மதிலை இரண்டடி தள்ளிக் கட்டியிருப்பார். இன்னொருவர் படலைக்கு முன் மண் போட்டு நிரவி, அடியில் ஆறங்குலக் குழாய் ஒன்றை வைத்திருப்பார். வீதியைத் திருத்தியபோது உயர்த்திவிட்டு அதற்குக் கீழே தண்ணீர் போகும் மதகை அப்படியே விட்டிருப்பார்கள். தண்ணீர் வர வழியில்லை. ஆனால் குப்பையும் சமையலறைக் கழிவுநீரும் மட்டும் எப்படியோ வந்துவிடும். ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது அந்தக் கழிவுநீரும் தோட்டங்களிலிருந்து கழுவி வரும் யூரியாவும்தான். ஆகாயத்தாமரை 1905இல் அலங்காரச் செடியாக இலங்கைக்கு வந்தது. நாலு வருடத்தில், 1909இல், அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தச் சட்டத்துக்கே அடங்காத செடி, உங்கள் இரண்டு ஞாயிற்றுக்கு அடங்காததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் வேலை, மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நடப்பது. பகிடி இல்லை. முதல் பெருமழை அன்று மூன்று நாலு பேர், ஒருவர் கையில் ஃபோன், குளத்திலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே மேலே மேலே நடவுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி ஒழுங்கைக்குள் போகிறது, யாருடைய குழாய் வாய்க்காலுக்குள் திறக்கிறது என்று படம் எடுத்து, ஒரு கொப்பித் தாளில் கீறி வையுங்கள். பழைய ஆட்கள் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வேலிக்கு அடியில் மதகு புதைந்து கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இந்த ஒரு நடையில் கிடைப்பது பத்துச் சிரமதானத்தில் கிடைக்காது.

இரண்டாவது, குளம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். இதில்தான் நல்ல மனதோடு தொடங்கியவர்கள் பொலிஸ் வரை போய் நிற்கிறார்கள். வயலுக்குப் பாயும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளங்கள் அவர்கள் பொறுப்பு. கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். அங்கே பதிவுசெய்த கமக்காரர் அமைப்பு ஒன்றும் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் புதிதாகக் குழு அமைக்காமல் அதனோடு சேர்வது புத்தி. நகரத்துக்குள் மாநகர சபை, வெளியே பிரதேச சபை பார்க்கும் குளங்களும் உண்டு. கோயில் கேணியும் தீர்த்தக்குளமும் பெரும்பாலும் பரிபாலன சபையிடம் இருக்கும். எதுவானாலும் கிராம அலுவலரிடம் தொடங்கினால் வழி தெரியும். எழுத்தில் அனுமதி எடுங்கள். கூடவே எல்லையும் கேளுங்கள். நில அளவைப் படத்தில் குளம் எத்தனை பரப்பு, நிலத்தில் எத்தனை பரப்பு என்று ஒப்பிட்டால் சிலவேளை உங்கள் பதினாறு பரப்புக் குளம் ஒருகாலத்தில் இருபது பரப்பாக இருந்தது தெரியவரும்.

அந்த நாலு பரப்பு எங்கே என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். அயலவர்கள் சேர்ந்து குளம் காக்கும் வேலையில் சிரமமான இடம் இதுதான். ஒரு ஊரில் நான் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். முதல் கூட்டத்திலேயே ஒரு பொடியன் எழும்பி, வேலியைத் தள்ளிப் போட்டவரின் பெயரைச் சொல்லிவிட்டான். உண்மைதான் சொன்னான். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சொந்தக்காரர் பதினொரு வீடும் வரவில்லை. எல்லைக் கல் போடுவது பிரதேச செயலகம் வழியாக நடக்க வேண்டிய வேலை. உங்கள் வேலை, கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பது.

இதோடு சேர்த்து இன்னொன்று. எங்கள் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் யார் எந்தப் படியால் இறங்கலாம் என்ற பழைய சாதிக் கணக்கு ஒன்று இருந்தது. அது போய்விட்டது என்று மேடையில் சொல்கிறோம். ஆனால் குளத்தின் மேற்குக் கரையில் இருப்பவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல், வேலைக்கு மட்டும் கூப்பிடும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். குளத்தைச் சுற்றி எத்தனை ஒழுங்கை இருக்கிறதோ அத்தனையிலிருந்தும் ஒருவர் குழுவில் இருக்கட்டும். மாடு மேய்ப்பவர், குளம் நிரம்பி வான் பாயும் பக்கத்தில் வெள்ளத்துக்குள் இருப்பவர், வாய்க்காலில் குழாய் வைத்திருப்பவர், இவர்கள் மூவரும் கட்டாயம். குழாய்க்காரர் குழுவுக்குள் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இனித் தூர்வாரும் கதை. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றைப் பிடித்து ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணீர் பிடிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் நிலத்தில் அது ஆபத்து. அடியில் படிந்திருக்கும் வண்டலை எடுப்பது நல்லது. அது அடைத்துக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நின்று நாறுகிறது. ஆனால் வண்டலைத் தாண்டிக் கல்லையும் உடைத்தால் குளத்து அழுக்கு வடிபடாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். கரையோர ஊர்களில் ஆழ வெட்டிய குளத்தில் அடியிலிருந்து உவர் ஏறும். ஆகவே பழைய அடிமண் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். கரையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக விடுங்கள். மாடும் இறங்கலாம், பிள்ளை தவறி விழுந்தாலும் ஏறி வரலாம். எடுத்த மண்ணைக் குளக்கட்டுக்குப் போடுங்கள். வீதியால் ஏற்றிக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும், விற்றால் பெரிய வில்லங்கம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இது போர் நடந்த மண். மண்வெட்டியில் இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல், தூக்கிப் பார்க்காமல், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.

தொண்டர்களின் உடம்பும் முக்கியம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நின்றால், காலில் உள்ள சின்னக் கீறல் போதும். நீண்ட பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். வேலைக்கு ஒரு கிழமை முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ (பி.எச்.ஐ.) சொன்னால் தடுப்பு மருந்து தேவையா என்று பார்த்துத் தருவார்கள். பிறகு காய்ச்சலோ தசை நோவோ வந்தால், குளத்தில் இறங்கியதை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சரியான காலம் ஓகஸ்டும் செப்டெம்பரும். குளம் வற்றியிருக்கும், வாய்க்கால் காய்ந்திருக்கும். ஆகாயத்தாமரையை மட்டும் வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கு இருபத்தைந்து பேர் வேண்டாம். கொக்கத்தடியோடு இரண்டு பேர், கிழமைக்கு ஒரு மணித்தியாலம். பூக்க முதல் இழுத்துவிட வேண்டும்; பூத்து விதை விழுந்தால் அது சேற்றுக்குள் பல வருடம் கிடந்து முளைக்கும். இழுத்ததைக் கரையிலேயே விட்டால் மழைக்குத் திரும்பக் குளத்துக்குள்தான். தள்ளிக் கொண்டுபோய்க் காயவிட்டுப் பசளையாக்குங்கள்.

அயலவர் தொடர்ந்து வரவேண்டும் என்று கேட்டீர்கள். பெரிய சிரமதானம் படத்துக்கு நல்லது. குளத்துக்கு நல்லது முறைவைப்பு. ஐந்து வீடு சேர்ந்து ஒரு அணி, ஐந்து கிழமைக்கு ஒருமுறை முறை வந்தால் யாருக்கும் சுமை இல்லை. பலனையும் கண்ணால் காட்ட வேண்டும். குளத்தைச் சுற்றி ஐந்து கிணறுகளைத் தெரிந்து, கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை கயிறு விட்டு அளந்து, மாதம் ஒருமுறை கொப்பியில் எழுதுங்கள். பேனை போன்ற சின்ன உப்பளவி ஒன்று வாங்கினால் சவரையும் எழுதலாம். முதல் அளவு மழைக்கு முன் இருக்க வேண்டும். இரண்டு வருடக் கொப்பி கையில் இருந்தால், பிரதேச சபையில் கதைக்கும்போது உங்களுக்கு முன்னால் இருப்பவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். வராதவர்களுக்கு டெங்குவைச் சொல்லுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது திறந்த குளத்தில் அல்ல. கரையில் எறிந்த யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் ரயரிலும் தேங்கும் மழைநீரில்தான்.

இரவில் பை கட்டி எறிபவர்களுக்கு அறிவித்தல் பலகை வைத்துப் பயன் இல்லை. சபையின் குப்பை உழவியந்திரம் உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். அது ஒழுங்காக வராத ஒழுங்கைகளில்தான் குளத்தில் பை மிதக்கிறது. முதலில் அதை வரவையுங்கள். பிறகும் எறிந்தால் அது வேறு கதை.

இனிப் பெரியப்பாவின் காசு. ஆரியகுளம் நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. 2021இல் திருத்தித் திறந்தபோது சனம் வந்து உட்காரும் இடமாகத்தான் அதை நினைத்தார்கள். நகரத்துக்கு அப்படி ஒரு இடமும் வேண்டும்தான். உங்கள் குளத்துக்கு வேலை வேறு. சுற்றிக் கொங்கிரீட் சுவர் எழுப்பினால் பக்கத்து வளவிலிருந்து கசிந்து வரும் மழைநீர் நின்றுவிடும், ஆமைக்கும் நீர்க்கோழிக்கும் ஏற இடம் இருக்காது, லைட் போட்டால் இரவில் வந்து தங்கும் கொக்கும் போய்விடும். கட்டுக்கு மருதமரமும் தாழையும் நடுங்கள், வெளிக்கரையில் பனங்கொட்டை புதையுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், செலவும் இல்லை.

வேண்டாம் என்று சொல்லிப் பெரியப்பாவை நோகடிக்கவும் வேண்டாம். அளவைச் செலவு, வண்டல் எடுக்கப் பெக்கோக் கூலி, முப்பது சோடி பூட்ஸ், உப்பளவி, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். எல்லாவற்றையும் விட, வீதிக்குக் கீழே அடைபட்ட அந்த மதகை, சபையின் அனுமதியோடு அகலமாக உடைத்துக் கட்டக் காசு வேண்டும். தன் அப்பாவின் பெயரில் கல் ஒன்று பதிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால், அதை மதகில் பதிக்கச் சொல்லுங்கள். குளக்கரைக்கு எப்போதாவதுதான் ஆள் போகும். மதகைக் கடந்துதான் ஊர் முழுக்கக் கடைக்குப் போகிறது.