பாட்டிலில் ஒரு நிறம், நகத்தில் வேறொரு நிறம்: நகப்பூச்சு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: இணையத்தில் படத்தைப் பார்த்து, அடர்ந்த செங்கல் சிவப்பில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கினேன். பாட்டிலிலும் அதே நிறம்தான் தெரிகிறது. ஆனால் பூசிய பின் வெளிறிய ஆரஞ்சு போல இருக்கிறது. ஏமாறாமல் ஷேடுகளை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

பதில்: விற்றவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. பாட்டிலுக்குள் நாம் பார்ப்பது கனமாகத் திரண்டு நிற்கும் திரவத்தை. நகத்தில் பார்ப்பதோ மிக மெல்லிய படலத்தை. வெளிச்சம் அந்தப் படலத்தை ஊடுருவி, அடியிலுள்ள நகத்தின் இளஞ்சிவப்பையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறது. நிறமிகள் செறிந்த க்ரீம் வகைப் பூச்சுகளில் இந்த வேறுபாடு குறைவாக இருக்கும். கண்ணாடி போல ஒளி புகும் ஜெல்லி வகையிலும், ஷீர் என்று குறிப்பிடப்படும் வகையிலும் ஒரு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் இடையே நிறமே மாறிவிட்டது போலத் தோன்றும். ஆகவே ஷேடின் பெயரையும் எண்ணையும் பார்ப்பதற்கு முன், அது எந்த வகைப் பூச்சு, படத்தில் எத்தனை பூச்சுப் பூசிக் காட்டியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். இந்த விவரத்தைத் தராத படத்தை நம்பி, திருப்பி அனுப்ப வழியில்லாத பொருளை வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது வெளிச்சம். கடை விளக்கின் கீழ் ஒன்றுபோலவே தோன்றிய இரண்டு சிவப்புகள் பகல் வெளிச்சத்தில் தனித்தனியே பிரிந்து தெரிவதுண்டு. வெவ்வேறு நிறமிகளைக் கலந்து ஏறத்தாழ ஒரே நிறத்தைக் கொண்டுவரும்போது, ஒரு விளக்கில் பொருந்தும் நிறம் மற்றொரு விளக்கில் பொருந்தாமல் போகும். இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். எனவே நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் ஒரு முறையும், மாலையில் வீட்டு விளக்கின் கீழ் ஒரு முறையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் பல ஷேடுகளை ஒப்பிட, நிறமற்ற செயற்கை நகத் துண்டுகளை விட வசதியான பொருள் வேறில்லை. ஒவ்வொரு துண்டிலும் வழக்கமாக நீங்கள் பூசும் அளவுக்கே, பெரும்பாலும் இரண்டு பூச்சு, பூசி, முழுவதும் காய விட்டு, பின்புறம் ஷேடின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் துண்டை உங்கள் நகத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள். அப்போதுதான் உங்கள் தோலின் நிறத்தோடு அது எப்படிச் சேர்கிறது என்பது தெரியும். காகிதத்தில் தீட்டிப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. காகிதம் பூச்சை உறிஞ்சிக்கொள்வதால் பளபளப்பு போய்விடுகிறது. வெள்ளைப் பின்னணி நிறத்தையும் மாற்றிக் காட்டுகிறது. ஈரமாக இருக்கும்போதே முடிவுக்கு வருவதும் வேண்டாம். காய்ந்ததும் பல ஷேடுகள் சற்று அடர்ந்து தெரியும்.

கேள்வி: விலை கூடிய ஷேடுக்கு நிகரானது என்று சொல்லி விலை குறைந்த ஒன்றைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நிறம் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலையை பாட்டிலுக்குப் பாட்டில் ஒப்பிடாமல், மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். சில பாட்டில்களில் 5 மி.லி.தான் இருக்கும், சிலவற்றில் 15 மி.லி. வரை இருக்கும், தடித்த கண்ணாடி சிறிய அளவையும் பெரிதாகக் காட்டும். அதோடு, நகம் தெரியாமல் மூட எத்தனை பூச்சு தேவைப்படுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு பூச்சில் மூடுவதும் நான்கு பூச்சு கேட்பதும் ஒரே விலையில் கிடைத்தால், இரண்டாவதற்கு நீங்கள் இரு மடங்கு செலவழிக்கிறீர்கள். காய்வதற்கான நேரமும் கூடுகிறது. நெயில் ஆர்ட்டுக்கு மட்டும் தொட்டுக்கொள்ளும் ஷேடுகளைச் சிறிய பாட்டிலில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பாட்டில் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றாதீர்கள்; அது பூச்சின் தன்மையையே கெடுத்துவிடும். எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் அடங்கிய நெயில் பாலிஷ் தின்னரை இரண்டு மூன்று துளி விட்டு, உள்ளங்கைகளுக்கு இடையே பாட்டிலை உருட்டினால் போதும். பூச்சிலிருந்து ஆவியாகிப் போன கரைப்பான்களும் பெரும்பாலும் இவைதாம்.

கேள்வி: வீட்டிலேயே நெயில் ஆர்ட் செய்யப் பெரிய கருவிப் பெட்டி வாங்க வேண்டுமா?

பதில்: தொடக்கத்தில் வேண்டியதில்லை. புள்ளி வைக்க ஹேர்பின்னின் உருண்டை முனையும் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் போதும். வழுவழுப்பான தாளில் ஒரு சொட்டு பாலிஷ் விட்டு, அதில் முனையைத் தொட்டு, நகத்தில் அழுத்தாமல் செங்குத்தாக வைத்து எடுங்கள். ஒரு முறை தொட்டு அடுத்தடுத்து வைத்தால் புள்ளிகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். சுற்றிலும் ஐந்து இதழ்கள் ஒரே அளவில் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட வேண்டும். தாளில் விட்ட சொட்டு நூல் இழுக்கத் தொடங்கியதும் அதைத் துடைத்துவிட்டு வேறு சொட்டு விடுங்கள்.

நிறம் நிறத்தோடு கரைந்து இறங்க வேண்டுமென்றால், மேக்கப் ஸ்பாஞ்சில் இரண்டு ஷேடுகளையும் ஒட்டினாற்போல் பட்டைகளாகத் தீட்டி, வெள்ளை பூசிக் காய்ந்த நகத்தில் மெதுவாக ஒற்றி எடுங்கள். வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் வெளிர் நிறங்கள் எடுபடாது. ஸ்டாம்பிங் தட்டு (கோலங்களை நகத்தில் அச்சுப்போலப் பதிக்க உதவும், வடிவம் செதுக்கிய தட்டு) வாங்குவதானால் மட்டும் அதற்கென விற்கும் செறிந்த பாலிஷையும் சேர்த்தே வாங்குங்கள், ஏனெனில் சாதாரணப் பாலிஷில் பெரும்பாலும் கோலம் தெளிவாகப் பதியாது. பணம் கொடுத்து வாங்கத்தக்க ஒரே கருவி என்று கேட்டால், நீண்ட மெல்லிய லைனர் தூரிகையைச் சொல்வேன்.

கேள்வி: கடைசியில் டாப் கோட் (மேலே பூசும் நிறமற்ற காப்புப் பூச்சு) பூசும்போது வரைந்ததெல்லாம் இழுபட்டுக் கலங்கிவிடுகிறது. குமிழ்களும் வருகின்றன.

பதில்: இரண்டுக்கும் பெரும்பாலும் அவசரமே காரணம். மேல்பகுதி காய்ந்தது போலத் தோன்றினாலும் அடியில் கரைப்பான் மிச்சமிருக்கும். அதன் மேல் கனமாக இன்னொரு பூச்சு விழுந்தால் ஆவி வெளியேற வழியின்றிக் குமிழாகிறது. மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடங்கள் விடுங்கள். டாப் கோட்டைத் தூரிகை நிறைய எடுத்து, தூரிகையின் மயிர்கள் வரைந்த இடத்தில் உரசாமல், அந்தத் துளியே முன்னே நகர்ந்து செல்லும்படி ஒரே இழுப்பில் பூசுங்கள். நக நுனியின் விளிம்பையும் மூடினால் உதிர்வது குறையும்.

கேள்வி: லேபிளில் ‘5 ஃப்ரீ’, ‘10 ஃப்ரீ’ என்று இருப்பதை நம்பலாமா? வீட்டு ஜெல் கிட் பாதுகாப்பானதா?

பதில்: டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்று சொல்லத் தொடங்கிய வழக்கம், பின்னர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தது. எந்தப் பொருள்களை விலக்கியிருக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், எண்ணைப் பார்க்காமல் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள்.

ஜெல் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அது காற்றில் காய்வதில்லை. விளக்கின் புற ஊதாக் கதிரால் இறுகுகிறது. இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால், அதிலுள்ள அக்ரிலேட்டுகளால் ஒவ்வாமை வரக்கூடும். ஒரு முறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரலாம். பல் மருத்துவத்தில் பயன்படும் சில பொருள்களும் பின்னாளில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹெமா என்ற அக்ரிலேட் உள்ள நகப்பூச்சுகளைத் தொழில்முறைக் கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை அழகுசாதனங்களில் பயன்படுத்த அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடை உள்ளது. வாங்குவதானால் உட்பொருள்களை அச்சிட்டிருக்கும் கிட்டையே வாங்குங்கள்; அந்த ஜெல்லுக்கு அதே தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விளக்கையே பயன்படுத்துங்கள். ஜெல் தோலில் வழிந்தால் விளக்கில் கையை வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். அரிப்போ சிவப்போ தெரிந்தால் பயன்பாட்டை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.