தொட்டி ஆலுக்கு எந்த மண்?

கேள்வி: போன்சாய் (தட்டில் குட்டையாக வளர்க்கும்) ஆலமரத்தைச் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்தேன். தண்ணீர் தேங்குகிறது, இலை பழுத்து உதிர்கிறது. என்ன செய்வது? – வாசகி, திருச்சி

பதில்: மண்ணை உடனே மாற்றிவிடுங்கள் அம்மா. என் முதல் ஆலும் இப்படித்தான் போனது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. ஆழமில்லாத தட்டில் செம்மண் இறுகிவிடும், வேருக்குக் காற்று கிடைக்காது.

நான் இப்போது போடுவது செங்கல் ஜல்லி 3 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மட்கிய உரம் 1 பங்கு. செங்கல்லை மிளகு அளவுக்கு உடைத்துச் சலியுங்கள். தூளை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள். அதுதான் அடியில் படிந்து துளையை அடைக்கும். சுண்ணாம்பு ஒட்டிய பழைய கட்டடச் செங்கல் வேண்டாம். போன்சாய்க்கென்று விற்கும் ஜப்பான் அகடாமா மண் நல்லதுதான், ஆனால் விலை அதிகம். ஆலுக்கு அது தேவையே இல்லை.

அழுகிய வேரை வெட்டிவிட்டு நடுங்கள், பத்து நாள் நிழலில் வையுங்கள். ஒரு குவளை நீர் ஊற்றினால் சில நொடிகளில் அடியில் ஒழுக வேண்டும். இந்தக் கலவை சீக்கிரம் காயும். திருச்சி வெயிலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்.