ரோபோ எந்த ஊர்ப் பேச்சில் பேசினால் உங்களுக்குப் பிடிக்கும்?

நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினால்தான் பிடிக்கும். ஆனால் அதற்கு முன்னால், நாங்கள் பேசுவது அதற்குப் புரிய வேண்டும்.

பழகிய பேச்சைக் கேட்டால் மனசு நெருங்கும். நியூசிலாந்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் ரோபோவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அது அமெரிக்க உச்சரிப்பில் பேசியதைவிட நியூசிலாந்து உச்சரிப்பில் பேசியபோது அந்த ஊர்க்காரர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

இங்கே எந்த உச்சரிப்பை வைப்பது? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் இது. விளவங்கோடு பக்கம் மலையாளச் சாயல் இருக்கும், தோவாளை திருநெல்வேலியோடு ஒட்டும், குளச்சல் கடற்கரையின் வேகம் தனி. நாகர்கோவில் குரல் ஒன்றைப் பதிந்துவிட்டு இதுதான் குமரித் தமிழ் என்றால் மார்த்தாண்டத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆண் குரலா, பெண் குரலா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆப்பிள் 2021இல் தன் பேசும் உதவியாளர் ‘சிரி’யின் (Siri) ஆங்கிலப் பேச்சுக்குத் தானாகவே பெண் குரல் வைப்பதை நிறுத்தி, தேர்வைப் பயனரிடம் விட்டது. அது போதும். வயதானவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாழ்ந்த, நிதானமான குரல் வேண்டும். வயது ஏற ஏற முதலில் மங்குவது கீச்சென்ற ஒலிகள்தான்.

என் கவலை வேறு. “பாட்டா, மாத்திரை போட்டாச்சா?” என்று ரோபோ கேட்டால், பாட்டா (தாத்தா) மனம்விட்டுப் பேசிவிடுவார்: “ராத்திரி உறக்கமே இல்ல மக்கா, தலை கறங்குது (சுற்றுகிறது).” அதற்கு “மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்” என்று பதில் வந்தால், தன் பேச்சில்தான் ஏதோ குறை என்று நினைத்து அப்படியே அடங்கிவிடுவார். சொல்ல வேண்டிய நோயும் சொல்லாமல் போகும். சென்னையில் “மலையாளியா?” என்று கேட்பார்களே என்று பேச்சையே மாற்றிக்கொண்டவர்கள் எங்களில் நிறையப் பேர். வீட்டுக்குள்ளும் அது நடக்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது நடக்கக்கூடியதுதான். ரோபோவின் குரலுக்கு ஒருவர் ஸ்டூடியோவில் அமைதியாக வாசித்த பதிவுகளே போதும். அதன் காதுக்கு, அதாவது நாம் பேசுவதைப் புரிந்துகொள்வதற்கு, அப்படியில்லை. பல வயதினர், பல ஊர்க்காரர்கள் இரைச்சலுக்கு நடுவே இயல்பாகப் பேசிய பேச்சு ஏராளமாக வேண்டும். அதனால் ஊர்க் குரல் சீக்கிரம் வந்துவிடும், ஊர்க் காது பிந்தும். எங்களுக்கு ரோபோ செய்ய வருகிறவர்கள் தோவாளைப் பூச்சந்தையிலும் குளச்சல் கடற்கரையிலும் அனுமதி கேட்டுப் பேச்சைப் பதியட்டும். அது வரைக்கும் ரோபோ பொதுத் தமிழிலேயே பேசட்டும், பரவாயில்லை.