வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரில் மீட்டர்களை எப்படி அடுக்கினால் ஓட்டும்போது கண்ணில் படும்?

ஆறு மீட்டர்கள் வாங்கிவிட்டேன், டேஷ்போர்டுக்கான அலுமினியத் தகடு மேசைமேல் கிடக்கிறது, ஒரே வரிசையா இரண்டு அடுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். தகட்டை இன்னும் வெட்டவில்லையே, நல்லது. நான் வெட்டிவிட்டேன்.

என் கார் சேலம் அம்மாபேட்டையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பிறந்தது. 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் வகை: சதுரக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், கூரை இல்லை, கதவு இல்லை, தரையை ஒட்டிய இருக்கை. எஞ்சின் மட்டும் மாருதி 800-இலிருந்து எடுத்த மூன்று சிலிண்டர், 796 சி.சி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், எடை குறைந்த வண்டிக்கு அது போதும். பதிவெண் கிடையாது, அதனால் பொதுச் சாலைக்கு வருவதில்லை. ஏற்காட்டில் என் மாமாவின் காபித் தோட்டத்துக்குள் ஓடும் தனிப்பாதையிலும், எப்போதாவது லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும்தான் அதன் ஓட்டம்.

முதல் தகட்டை மேசையில் வைத்து, அளவுகோல் பிடித்து, ஆறு வட்டங்களையும் சம இடைவெளியில் வெட்டினேன். பார்க்க அழகு. டிங்கர் வேலை செய்யும் அண்ணன்கூட, "கோயில் திருவாசி மாதிரி இருக்கிறது, தம்பி" என்றார். பொருத்திவிட்டு இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: ஆயில் பிரஷர் மீட்டர் ஸ்டீயரிங்கின் இடது கைக்கம்பிக்கு (நடுவையும் வளையத்தையும் இணைக்கும் கம்பிக்கு) பின்னால் முழுதாக ஒளிந்திருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரின் மேல்பாதியை, அதாவது எனக்குத் தேவையான பாதியை, ஸ்டீயரிங் வளையம் மறைத்தது. முழுதாகத் தெரிந்தவை கடிகாரமும் வோல்ட் மீட்டரும். ஆறு ஓட்டைகளோடு அந்தத் தகடு இப்போது மாமாவின் தோட்டத்தில் மிளகு நாற்றுப் பைகளுக்கு மேல் நிழலுக்குக் கிடக்கிறது.

அடுத்த தகட்டை வாங்கும் முன், நான் எப்போது மீட்டரைப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. என் வழக்கமான காரை அங்கே ஓட்டினேன். பக்கத்தில் மாமாவின் மகன் உட்கார்ந்து, என் கண் டேஷ்போர்டுக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டான். வளைவுக்கும் வளைவுக்கும் இடையே நிறையக் கோடுகள். வளைவுக்குள் ஒன்றுகூட இல்லை. வளைவில் கண் அதன் மறுமுனையைத் தேடிக்கொண்டிருக்கிறது, கீழே இறங்க மறுக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடுகிறோம் என்பதை நினைத்தால், இறங்காததும் நியாயமே.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தேன். மீட்டர்கள் நேர்ப்பாதைக்கானவை. ஆகவே ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது கைக்கம்பிகள் எங்கே நிற்கின்றனவோ, அந்த இடைவெளிதான் உங்கள் சொத்து. திருப்பும்போது எது மறைகிறது என்று கவலைப்படாதீர்கள். வளைவுக்குள் நடக்கும் விபரீதத்தை மீட்டர் சொல்லாது, அதற்கு விளக்கு வேண்டும். விளக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடம் குறிக்க அட்டை போதும். எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டையை டேஷ்போர்டு அளவுக்கு வெட்டிக் கட்டிவிட்டு, 80 மி.மீ. வட்டம் ஒன்று, 52 மி.மீ. வட்டங்கள் சில என்று காகிதத்தில் வெட்டி ஊசியால் குத்திவையுங்கள். இருக்கை அதன் கடைசி இடத்தில் இருக்க வேண்டும், பெல்ட் இறுகியிருக்க வேண்டும், ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டில்லாமல் பார்த்ததும் ஹெல்மெட்டோடு பார்த்ததும் எனக்கு வேறுவேறாக இருந்தன. உள்ளே இருக்கும் பஞ்சு, தலையை முன்னால் தள்ளிவிடுகிறது. ஒரு வாரம் அட்டை அப்படியே இருக்கட்டும். போகவர உட்கார்ந்து பாருங்கள், ஊசிகள் தாமாகவே இடம் மாறும்.

வளையத்தின் மேல்பாதிக்குள் தெரியும் அரைவட்டத்தில் எனக்கு மூன்றுதான் அடங்கின: நடுவில் ஆர்.பி.எம்., இடப்பக்கம் ஆயில் பிரஷர், வலப்பக்கம் தண்ணீர் வெப்பம். ஸ்பீடோமீட்டர் வெளியே போய்விட்டது. வேக வரம்புப் பலகை இல்லாத பாதையில் வேகத்தை எண்ணாகத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இனி, மிகவும் பயன்பட்ட ஒரு வேலை. பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்வது: மீட்டரையே திருப்பி வைப்பது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஒவ்வொரு முள்ளும் நேர் மேலே, பன்னிரண்டு மணியைக் காட்டும்படி மீட்டரின் உடலைச் சுழற்றிப் பூட்டுகிறார்கள். எழுத்துகள் சாய்ந்துவிடும், எண்கள் தலைகீழாகத் தொங்கும். என் மனைவி, "குடித்துவிட்டு மாட்டினீர்களா?" என்றாள். ஆனால் ஓட்டும்போது எண்ணைப் படிப்பதே இல்லை. மூன்று குச்சிகள் நிமிர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஒன்று சாய்ந்தால் கண்ணில் உறுத்துகிறது. பின்புறம் வளைகம்பியும் திருகும் கொண்டு பிடிக்கும் உருண்டை மீட்டர்களில் மட்டுமே இது நடக்கும். நீங்கள் வாங்கியவை அப்படித்தானா என்று பாருங்கள்.

உடனே இறுக்கிவிடாதீர்கள். முதலில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வழக்கமாக ஓட்டும் சுற்றில் வைத்து, ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த ஆயிலில் அது ஏமாற்றும். ஆர்.பி.எம். மீட்டரை கியர் மாற்ற வேண்டிய சுற்று மேலே வரும்படி திருப்ப வேண்டும். இங்கே நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். நான்கு சிலிண்டருக்கான மீட்டரை மூன்று சிலிண்டரில் மாட்டியிருந்தேன். மீட்டர் தீப்பொறிகளை எண்ணித்தான் சுற்றைக் கணக்கிடுகிறது; நான்கில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி, மூன்றில் ஒன்றரை. ஆகவே அது உண்மையில் முக்கால் பங்கைத்தான் காட்டும். எஞ்சின் 5,000-இல் கதறிக்கொண்டிருக்கும், முள் 3,750-இல் சாந்தமாக நிற்கும். மீட்டரை மாற்றவில்லை, 3,750-ஐ மேலே திருப்பி வைத்துவிட்டேன். எண்களுக்கு மரியாதை அன்றோடு போயிற்று.

தண்ணீர் வெப்பத்துக்கு 90 டிகிரி மேலே. 100-இல் கண்ணாடிமேல் ஒரு சிவப்புக் கோடு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 95 டிகிரிக்கே கொதித்துவிடும்; ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. கண்ணாடிமேல் கோடு போட்டால், கண்ணாடியிலிருந்து விளிம்புக்கு ஒரு சிறு வெள்ளைக்கோடும் சேர்த்துப் போடுங்கள். அது விமானக்காரர்களின் வழக்கம். கண்ணாடி சுழன்றால் வெள்ளைக்கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இப்போது விளக்கு. ஒருநாள் தோள் உயரத்தில் போனைக் கட்டி, தோட்டத்துப் பாதையில் ஓட்டியதைப் படம் எடுத்தேன். இரவில் வீட்டில் பார்த்தால், நீண்ட இடது வளைவு ஒன்றில் ஆயில் பிரஷர் முள் பொத்தென்று விழுந்து, நான் நேர்ப்பாதைக்கு வந்து மீட்டரைப் பார்ப்பதற்குள் யோக்கியனாக நிமிர்ந்துகொண்டிருக்கிறது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. எத்தனை நாள் இப்படி ஓட்டினேனோ. சம்புக்குள் தடுப்புத் தகடு பற்றவைத்தது வேறு கதை. டேஷ்போர்டைப் பொறுத்தவரை செய்தது: பார்வைக் கோட்டுக்குச் சற்றே கீழே, பானட்டின் விளிம்பை ஒட்டி, நகத்தளவு சிவப்பு விளக்கு. வண்டியோடு வரும் சுவிட்ச், பிரஷர் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் எரியும். பிரஷர் 20 பி.எஸ்.ஐ.-க்கு (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) கீழே இறங்கினாலே எரியும் சுவிட்சை வாங்கிப் போடுங்கள். அதுபோல இன்னொன்று தண்ணீர் வெப்பத்துக்கு. வளைவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டே இவை இரண்டும் தெரிகின்றன.

வெயில். கூரையில்லாத காரில் முதுகுப்பக்கம் சூரியன் இருந்தால் மீட்டர் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். டேஷ்போர்டைக் கண்ணுக்கு நேராக நிமிர்த்தினால் உங்கள் ஹெல்மெட்டே தெரியும், இன்னும் மல்லாத்தினால் வானம் தெரியும். செங்குத்தாக நிறுத்தினேன், கண் மேலேயும் மீட்டர் கீழேயும் இருப்பதால், இப்போது அதில் தெரிவது என் மடி. ஆகவே கறுப்புப் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன், வேட்டி கூடாது. மீட்டர் விளிம்பு நுழையும் அளவில் பி.வி.சி. குழாயைச் சாய்வாக வெட்டி, மினுக்கமில்லாத கறுப்பு அடித்துக் குல்லாயாக மாட்டினேன். வெயிலைவிடத் தொல்லை தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் கீழே ஓட்டினால் வெயிலும் நிழலும் மாறிமாறி அடிக்கும், மெல்லிய முள் அதில் தொலைந்தே போகும். முட்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பூசிய பிறகுதான் தீர்ந்தது. மெல்லிய பூச்சு போதும், முள் கனத்தால் தப்பாகக் காட்டும்.

மார்கழிப் பனியில் கண்ணாடியின் உட்புறம் வேர்த்தது, அது என் தப்பு. தண்ணீர் புகக்கூடாதென்று மீட்டரின் பின்னால் இருந்த மூச்சுத்துளையைப் பசையால் அடைத்திருந்தேன்.

உங்கள் வயது தெரியாது. எனக்கு 48, வெள்ளெழுத்து வந்துவிட்டது. படிக்கும் கண்ணாடி கையிலிருக்கும் செய்தித்தாளுக்குச் சரி, 70 செ.மீ. தள்ளியிருக்கும் மீட்டருக்குச் சரியில்லை. கண் பரிசோதனைக்குப் போனபோது அந்த 70-ஐச் சொல்லிக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், காரணத்தைச் சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சுக் குச்சி மங்கலாகத் தெரிந்தாலும் நிமிர்ந்துதான் நிற்கிறது.

மிச்சமிருந்தவற்றில் வோல்ட் மீட்டரையும் கடிகாரத்தையும் இடதுகோடியில் வைத்தேன். அவை எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காரும் மாமா, "மாப்பிள்ளை, பதின்மூன்றரை வோல்ட், மணி எட்டேகால், நீங்கள் பாதையைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வருவார். பெட்ரோல் மீட்டரை மாட்டவே இல்லை. சின்ன டேங்கில், வளைவுக்கு வளைவு முள் ஆடிக்கொண்டே இருக்கும். கோடு கிழித்த மூங்கில் குச்சி ஒன்று வைத்திருக்கிறேன், வண்டி நின்ற பிறகு மூடியைத் திறந்து விட்டுப் பார்த்துக்கொள்வேன்.